மென்று விழுங்கிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிற என் மச்சாள் வீட்டுக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி நின்றேன். வெளியே இருபத்தைந்து பேர். மச்சாளின் பேத்திக்கு முதலாவது பிறந்தநாள். பாட்டு, சிரிப்பு, பலூன் வெடிக்கிற சத்தம். உள்ளே நானும், நெஞ்சுக்குழிக்குள் சிக்கிக்கொண்ட ஒரு துண்டு மட்டன் ரோல்ஸும்!

பயப்படாதீர்கள். உயிரோடு இருந்துதான் எழுதுகிறேன். அது மட்டுமா? இந்த வாரம் முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. யாரைக் கண்டாலும் பிடித்து வைத்துக் கதை சொல்லவேண்டும் போல இருக்கிறது. உங்களை விட்டால் யார் அகப்படுவார்கள்?

ஆனால், முதலில் ஒரு பொய்யைத் திருப்பி எடுக்கவேண்டும்.

குளிர்காலத்தில் மூன்று வாரம் இந்தப் பத்தி வரவில்லை. 'சிறிய சத்திரசிகிச்சை' என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். பித்தப்பையில் கல்லாக்கும் என்று நீங்களாகவே முடிவுசெய்து, அக்கறையோடு விசாரித்தீர்கள். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. நான் செய்துகொண்டது உடல் எடையைக் குறைக்கிற சத்திரசிகிச்சை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய்தான்.

ஏன் மறைத்தேன்? வெட்கம். 'வாயைக் கட்ட ஏலாமல் வயித்தை வெட்டினவள்' என்று நம்மவர்கள் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

இத்தனைக்கும் அழகுக்காக நான் அங்கே போகவில்லை. சீனி வருத்தம், இன்சுலின் ஊசி, தூங்கும்போது மூச்சுக்கு ஒரு மெஷின். மெட்ரோ படியில் பாதியில் நின்று, போனில் ஏதோ முக்கியமான செய்தி பார்ப்பவள் போல நடித்து மூச்சு வாங்குவேன். எத்தனையோ டயட் பிடித்துப் பார்த்தேன். பத்துக் கிலோ போகும், பதின்மூன்று கிலோ திரும்பி வரும். கடைசியில் டொக்டர்தான் இந்த வழியைச் சொன்னார்.

சத்திரசிகிச்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கிளினிக்கில் என்னை ஜெனவியேவ் என்ற உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அவள் கேட்ட முதல் காரியமே விசித்திரமானது. "அடுத்த முறை வரும்போது உங்கள் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள், மதாம். எனக்கு முன்னால் சாப்பிட்டுக் காட்டவேண்டும்."

சாப்பிட்டுக் காட்டுவதா? அதில் கெட்டிக்காரி என்றபடியால்தானே நான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறேன்!

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியல் என்று கட்டிக்கொண்டு போனேன். ஜெனவியேவ் மேசையில் போனை வைத்து நேரத்தை ஓடவிட்டாள். நான் வழக்கம்போலச் சாப்பிட்டேன். கையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஆறு நிமிடம் நாற்பது செக்கன்.

"மதாம், நீங்கள் மெல்லவேயில்லை" என்றாள். "சரி, கத்தரிக்காய் எப்படி இருந்தது?"

யோசித்தேன்... ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை! இப்போதுதான் விழுங்கிய கத்தரிக்காய். காரமா, புளிப்பா, ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

சென்ட் லோரன்டில் குளிசை மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலையில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. மத்தியான இடைவேளை அரை மணித்தியாலம். அதற்குள் மேலங்கி, கையுறை, தலைவலை எல்லாம் கழற்றவேண்டும். கன்டீனுக்கு நடக்கவேண்டும். மைக்ரோவேவ் வரிசையில் நிற்கவேண்டும். திரும்பிவந்து எல்லாவற்றையும் மறுபடி மாட்டவேண்டும். சாப்பிட மிஞ்சுவது பதினொரு நிமிடம். அதில் நாலு நிமிடம் யாருடனாவது கதைக்கத் தேவை! இப்படியே பழகி, லீவு நாளிலும் வீட்டில் நின்றுகொண்டு அள்ளிப்போட்டே சாப்பிடுகிறவளாகிவிட்டேன்.

கார் ஓட்ட எத்தனை பாடம், எத்தனை பரீட்சை! சாப்பிட மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. பல் முளைத்தால் போதும் – அனுமதிப்பத்திரம் கிடைத்த மாதிரித்தான்.

ஜெனவியேவ் சொல்லித் தந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு அரைக்கிற வேலையைப் பல்லும் சேர்த்துச் செய்யவேண்டுமாம். வாய்க்குள் போவது சுண்டுவிரல் நகம் அளவு துண்டு. அது பசை மாதிரிக் குழையும்வரை மெல்லவேண்டும். விழுங்கிய பிறகுதான் கரண்டியில் மறுபடி கை வைக்கலாம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. ஒரு சாப்பாட்டுக்கு இருபது நிமிடமாவது எடுக்கவேண்டும், முப்பது என்றால் இன்னும் நல்லது. இதைப் பழகிக் காட்டாவிட்டால் சத்திரசிகிச்சைத் திகதியே தள்ளிப்போகலாம் என்றும் மெல்லச் சொல்லிவைத்தாள். நான் அவசரமாகத் தலையாட்டினேன். அதற்கும் சிரித்துக்கொண்டே, "டூஸ்மோ, மதாம், டூஸ்மோ..." என்றாள். மெதுவாக, மெதுவாக.

முதல் நாள் ஒன்பது நிமிடம். இரண்டாம் நாள் எட்டு! தாடை வலித்தது. எதிரே இருந்த என் கணவர் குகன் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன தேவி, மாடு அசை போடுற மாதிரிக் கிடக்கு" என்றார். மகள் மிதுலா, "அம்மா, செ பிசார்!" என்றாள். விசித்திரமாக இருக்கிறதாம். நான் ஒன்றும் பேசவில்லை. வாயில் சாப்பாடு இருந்தது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அது நடந்தது. ஒரு துண்டுக் கரட்டை மென்றுகொண்டிருந்தேன். பதினைந்து தரம், இருபது தரம்... திடீரென்று அது இனித்தது! கரட் இனிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு பருப்பை வாயில் வைத்தேன். முதலில் தேங்காய்ப்பால் வந்தது. நன்றாகப் பிந்தி உள்ளிப்பூண்டு வந்தது. அதற்கும் பிந்தி, தாளித்த செத்தல் மிளகாயின் ஒரு சின்னக் கருகல் வாசம். நானே சமைத்த பருப்பு! இவ்வளவு ஆட்கள் அதற்குள் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மீன்குழம்பைத் தொட்டேன். மென்றேன். நிறுத்தினேன்.

"இஞ்சேருங்கோ, மீன்குழம்பிலை உப்புக் கூடவே?"

குகன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம். கொஞ்சம் கூடத்தான்."

"இண்டைக்கோ?"

"இருவத்திரண்டு வருசமா."

"பேந்து ஏன் ஒருக்காலும் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே!"

மிதுலா தண்ணீர் புரையேறும்வரை சிரித்தாள். நானும்தான். முதன்முதலாக அன்றைக்கு எங்கள் மேசையில் முப்பத்தொரு நிமிடம் இருந்தோம். மூன்று பேரும்.

வேலையில் மட்டும் நேரம் போதவில்லை. பாதியோடு பெட்டியை மூடி வைத்து, மிச்சத்தைப் பின்னேர இடைவேளையில் சாப்பிடப் பழகினேன். பாதியில் மூடுவது – அது மெல்லுவதைவிடக் கஷ்டம். பழகினேன். மறுபடி ஜெனவியேவ் முன்னால் பரீட்சைக்கு இருந்தபோது இருபத்தாறு நிமிடம். அவள் கைதட்டினாள். எனக்குக் கண் கலங்கியது. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. முதலில் தெளிந்த சூப், பிறகு அடித்த கூழ், பிறகு மெத்தென்ற சாப்பாடு, கடைசியில் எல்லோரையும் போல. மூன்று மாதம் தாண்டிவிட்டது. இன்சுலின் ஊசியை டொக்டர் நிறுத்திவிட்டார். மெட்ரோ படியில் நான் இப்போது நிற்பதில்லை.

பிறகென்ன குறை? பொய்தான் குறை. அது இன்னும் உள்ளேயே இருந்தது. அந்தப் பொய்யோடுதான் போன ஞாயிறு பிறந்தநாளுக்குப் போனேன்.

கோமதி மச்சாள் என் கணவரின் அக்கா. அவரின் வீட்டில் வெறுங்கையோடு யாரும் இருக்கமுடியாது. மட்டன் ரோல்ஸ் தட்டோடு நேரே என்னிடம் வந்தார்.

"என்ன தேவி, கல்லெடுத்து இவ்வளவு காலமாச்சு. இன்னும் பத்தியமே? உமக்கெண்டு சூடாப் பொரிச்சனான். ஒரு கடி கடியும்."

பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிதானமாக மென்றுகொண்டிருந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் உண்மை வரும். பயத்தில் பழைய தேவி திரும்பி வந்துவிட்டாள். இரண்டு கடி, இரண்டு விழுங்கல்!

அடுத்த நிமிடம் நெஞ்சுக்குள் ஒரு செங்கல்லை வைத்து யாரோ அழுத்துவது போல இருந்தது. வாயெல்லாம் உமிழ்நீர் ஊறியது. குளியலறைக்குள் ஓடினேன். தண்ணீர் குடிக்காதே, நிமிர்ந்து நில், மெல்ல நட... கிளினிக்கில் சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. மூன்றடி அந்தப் பக்கம், மூன்றடி இந்தப் பக்கம். வேர்த்துக் கொட்டியது.

கதவைத் தட்டும் சத்தம். "தேவி, கதவைத் திறவும். என்ன செய்யுது?"

திறந்தேன். கோமதி மச்சாள் உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல் முதுகைத் தடவினார். சிக்கியிருந்தது மேலே வந்தது. விபரம் வேண்டாம். ஒரு நொடியில் செங்கல் போய்விட்டது. முகத்தைக் கழுவிவிட்டு, துவாயைப் பிடித்தபடி சொல்லிவிட்டேன்.

"மச்சாள், எனக்குக் கல் எடுக்கேல்லை. மெலியிறதுக்கெண்டு வயித்தை வெட்டினவை. மெண்டு மெண்டுதான் சாப்பிடவேணும். வெக்கத்திலை உங்களுக்குச் சொல்லேல்லை."

அவர் பாத்டப்பின் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டார். கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்:

"என்ரை டொக்டரும் போன வருசம் உந்த ஆபரேஷனைத்தான் சொன்னவர். தந்த கடிதம் அலுமாரிக்குள்ளை கிடக்கு. நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை."

"ஏன் மச்சாள்?"

"நீங்களெல்லாம் என்ன நினைப்பியளோ எண்டுதான்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரிக்கத் தொடங்கினோம்... அடக்கவே முடியவில்லை. வெளியே இருந்து குகன், "உள்ளுக்கை என்ன நடக்குது?" என்று கதவைத் தட்டினார்.

வெளியே வந்ததும் மச்சாள் சத்தமாகச் சொன்னார்: "தேவிக்கு ஒரு கதிரை குடுங்கோ. ஆறுதலாச் சாப்பிடட்டும். ஒருத்தரும் அவசரப்படுத்தக்கூடாது!" ஏன் என்று கேட்டவர்களுக்கு நானே சொன்னேன். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். ஒரு அண்ணை, "உதுக்கு நடந்தாலே காணுமே" என்றார். "நடந்து பாத்தனான் அண்ணை. முழங்கால் விடேல்லை" என்றேன். வேறு ஒருவர் நோகுமா என்று கேட்டார். இன்னொரு பெண் சமையலறைக்குள் என்னைக் கூட்டிப்போய், டொக்டரிடம் இதை எப்படிக் கேட்பது என்று காதுக்குள் கேட்டாள். என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று மாதம் நான் பயந்து நடுங்கிய அந்த 'வயித்தை வெட்டினவள்' வசனத்தை யாருமே சொல்லவில்லை!

புதன்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் இருக்கும்போது கோமதி மச்சாளின் போன். அலுமாரிக்குள் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் டொக்டரைக் கண்டுவிட்டாராம். சத்திரசிகிச்சைக்குத் தன் பெயரைப் பதியச் சொல்லிவிட்டாராம். அதோடு இன்னொரு செய்தி – அதைச் சொல்லும்போது அவரின் குரல் சின்னப்பிள்ளையின் குரல் மாதிரித் துள்ளியது.

"தேவி! இண்டைக்கு மத்தியானம் பதினாலு நிமிசம் பிடிச்சன்! கரண்டியை வைச்சு வைச்சுச் சாப்பிட்டன். உமக்குத் தெரியுமே, என்ரை சொதிக்கை கருவேப்பிலை மணக்குது!"

பஸ்ஸில் நான் போட்ட சத்தத்தில் முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே!

சரி... இதைச் சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறவர்கள் தயவுசெய்து பேப்பரை மடித்து வையுங்கள் – நான் எழுதியது ஆறாது, உங்கள் சோறு ஆறிவிடும்.