மறைத்து வளர்த்த பன்றிகள்

அந்தப் பிளக்ஸ் பேனரில் என் கணவரின் அண்ணன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பேத்தியின் காதுகுத்துக்கு அடித்தது. விழா முடிந்ததும் அதைக் கொண்டுவந்து, குன்னம் சாலையோரம் இருந்த எங்கள் பன்றிக் கொட்டகையில் ரோட்டைப் பார்த்த பக்கம் கட்டினார். படம் உள்பக்கம், வெளியே வெறும் வெள்ளை. மூன்று மாதம் என் பன்றிகளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார் மனிதர்.

பன்றி வளர்ப்பது அவருக்கு அவமானம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். நிலம் இரண்டு குடும்பத்துக்கும் பொது. மக்காச்சோளம் இரண்டு வருடம் தொடர்ந்து காய்ந்ததால் வெண்பன்றி வாங்கி விட்டவள் நான். யாராவது கேட்டால் கோழிப்பண்ணை என்பார் அவர். "ஏன்யா, ஒன் கோழி என்ன உர்ரு உர்ருனு கத்துது?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டாராம். அன்றைக்கே மிச்ச மூன்று பக்கமும் தார்ப்பாய் ஏறியது. நான் தடுக்கவில்லை. அது என் தப்பு. வாயாடி என்று பெயர் எடுத்தவள், ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

சித்திரை வெயில், மேலே தகரம், சுற்றிலும் பிளாஸ்டிக். பன்றிக்கு நம்மைப்போல் வியர்க்காது. வாயைத் திறந்துகொண்டு மூச்சிரைத்தன. தீவனம் தொட்டியிலேயே புளித்தது. கொழுக்க வேண்டிய வயதில் முதுகெலும்பு தெரிய நின்றன. பிறகு ஒன்று இருமியது. ஒரே வாரத்தில் கொட்டகை முழுக்கக் காய்ச்சல். ஏழு செத்தன.

பெரம்பலூரிலிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து முகத்தைத் துடைத்தார். "வைரஸ் வெளியேருந்து வந்ததுதாம்மா. வெக்கை கொண்டாரல. ஆனா இப்படி வெந்துகிட்டுக் கெடக்குற உடம்பு அதோட எப்படி மல்லுக்கட்டும்? இதுக்கு மருந்து இல்ல. காத்து வேணும், தண்ணி வேணும், நெருக்கம் கூடாது. இல்லன்னா மிச்சமும் போயிடும்."

மிச்சம் இருபத்திரண்டு. அதில் நான்கு சினை. தார்ப்பாயை அறுக்க அரிவாளை எடுத்தேன். கணவரின் அண்ணன் ஓடி வந்தார்.

"ஒரு நாளு பொறும்மா. எஞ் சின்ன மகளப் பொண்ணு பாக்க ஆண்டிமடத்துலேருந்து நாளைக்கு வராங்க. இந்த வழியாத்தான் வரணும்."

"நீங்க ஒரு நாளு உள்ள போயி படுங்க மாமா. அப்புறம் நானும் பொறுத்துக்கறேன்."

கோபத்தில் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்து வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அறுத்துத் தொல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான்கு பக்கமும் அறுத்தேன். கூரையில் ஈரச் சாக்கு போட்டேன். பாதியை வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். இன்னும் இரண்டு போயின. மற்றவை பிழைத்தன. ஆனாலும் வளர்ச்சியில் பின்தங்கியே நின்றன.

சம்பந்தம் தட்டிப்போயிற்று. பன்றிக்காகப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பன்றியைப் பார்த்து வண்டியைத் திருப்புகிற வீட்டில் அவள் வாழப்போகாதது எனக்குச் சந்தோஷம்தான். அதை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். போன வருடம் இறந்துபோகும்வரை அவர் கொட்டகைப் பக்கம் வரவில்லை. கெட்டவர் இல்லை. மானத்தை மூடினார். மூடியதற்குள் மூச்சு விடுகிற உயிர் இருந்ததை மறந்துவிட்டார்.

இப்போது சுவர் இடுப்பளவுதான். பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். பொத்தட்டும். என் பன்றிகளுக்குக் காற்று வருகிறது.