கருவாடு மணத்த மோட்சிப்

நேற்று ஒரு கேம் பெட்டியின் காற்றுத் துளையில் மூக்கை வைத்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, அதப் போயி மோந்துகினு கீற?" என்றாள். காரணம் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

ஷார்ஜாவில் குடித்தனம் நடத்தும் என் தோழி ஷமீமா விடுமுறைக்கு வண்ணாரப்பேட்டை வந்திருக்கிறாள். அவள் கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடுவோமே, அந்த வகை. நாங்கள் கல்லூரியில் படித்தபோது, கப்பலில் வேலை பார்த்த அவளுடைய மாமா வாங்கி வந்தது. அதன் வயிற்றுக்குள் நாங்கள் இருவரும் பொருத்திய மோட்சிப் இன்னும் இருக்கிறது.

மோட்சிப் என்றால் பெரிய வித்தை இல்லை. அந்தப் பெட்டி தன் கம்பெனி முத்திரை உள்ள விளையாட்டை மட்டும்தான் ஓடவிடும். நான் எழுதிய விளையாட்டைக் கொடுத்தால், நீ யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடும். பெட்டி கண்விழிக்கும் நேரத்தில் அதன் மூளைக்குப் போகும் மின்சாரத்தை இந்தச் சிப் இமைப்பொழுதுக்குத் தடுக்கிவிடும். தடுமாறிய மூளை கேள்வி கேட்க மறந்துவிடும். ஹார்பர் கேட்டில் பாஸ் பார்க்கிறவர் தும்முகிற நேரமாகப் பார்த்து உள்ளே நுழைகிற மாதிரிதான்.

என் விளையாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் இன்றும் கர்வம் உண்டு. துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு ஷேர் ஆட்டோவை நுழைத்து, மீன் கூடையோடு இருக்கும் ஓர் அம்மாவைக் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூருக்குக் கொண்டுபோக வேண்டும், கூடையில் ஐஸ் உருகுவதற்குள். திரையில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. யாருக்குக் காட்ட ஆசைப்பட்டேனோ அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். ஆனால் கூடையில் மீன் விற்றுப் படிக்க வைத்த அம்மா என் கல்லூரிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. எப்போது கூப்பிட்டாலும், "மீன் நாத்தம் அடிக்கும்டி. உன்னியதான் கிண்டல் பண்ணுவாங்க" என்பாள். என் விளையாட்டை வைக்கப்போகும் கடைசி வருடக் கண்காட்சிக்கு வருவதாக அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். பெட்டி ஓடியே ஆக வேண்டும்.

தயாராகக் கிடைக்கும் மோட்சிப் எங்கள் கைக்கு எட்டாது. தம்மாத்தூண்டு அளவில் ஒரு மலிவான கண்ட்ரோலர் பலகை வாங்கினோம். இணைப்புக்கு முடியைப் போன்ற கம்பி வேண்டும். எங்கள் பக்கத்தில் கொசுவுக்கும் பஞ்சமில்லை, செத்துப்போன கொசு பேட்டுக்கும் பஞ்சமில்லை. ஒரு பேட்டை உடைத்து, உள்ளே இருந்த குட்டி ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து தாமிரக் கம்பியை உருவினேன். கடுகைவிடச் சின்னப் புள்ளிகளில் அதை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பிடித்திருந்த ஷமீமா மூச்சே விடவில்லை. விட்டபோது சொன்னாள்: "மச்சி, இது செத்துச்சுன்னா மாமு என்னெக் கடல்ல தூக்கிப் போட்டுருவாரு."

"நானும் கூடவே குதிக்கிறேன். கையை ஆட்டாத!"

பொத்தானை அழுத்தினோம். பச்சை விளக்கு! என் ஷேர் ஆட்டோ திரையில் உறுமிக்கொண்டு வந்தது. மாடி அதிரக் குதித்தோம். கீழ்வீட்டு அக்கா, "இன்னாங்கடி, வூடு இடியுது!" என்று கத்தினாள்.

அதோடு விட்டிருக்கலாம். சுத்தமாக இருக்கட்டுமே என்று சிப் ஒட்டிய பலகையைப் பெட்டியிலிருந்து கழற்றி ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினேன். எங்கள் வீட்டில் நனைந்தது எதுவானாலும் போகிற இடம் ஒன்றுதான்: மொட்டைமாடிப் பாய். அங்கே நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. யோசிக்கவேயில்லை. பாய் ஓரத்தில், நெத்திலிக்குப் பக்கத்தில் பலகையையும் வைத்து, காக்காய்க்குப் பயந்து மேலே பழைய வலையையும் போர்த்திவிட்டு வந்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான்!

காய்ந்த பலகையைத் திரும்பப் பொருத்தி, மறுநாள் கண்காட்சி அரங்கில் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு. மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் சிவப்பு. ஷமீமா குனிந்து மோந்தாள்.

"மச்சி, உன் சிப்பு கருவாடு மாதிரி நாறுது."

பெட்டியைத் திறந்து, கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மின்சாரம் அதன் வழியே கண்டபடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன்: "கேட்டாண்ட கீறேன். வாட்ச்மேன் யார் நீன்னு கேக்குறான். நான் வூட்டுக்கே போறேன்டி."

"போகாதம்மா! அங்கேயே இரு!"

லேபில் ஸ்பிரிட் கெஞ்சி வாங்கினேன். ஷமீமா பெட்டிக்கடைக்கு ஓடிப் புது டூத்பிரஷ் வாங்கி வந்தாள். பிள்ளைக்குப் பல் விளக்கிவிடுவது போல அந்தப் பலகையை விளக்கினேன். டேபிள் ஃபேன் முன்னால் காட்டிக் காயவைத்து, திரும்பப் பொருத்தினேன். இந்த முறை பாயும் இல்லை, நெத்திலியும் இல்லை. பொத்தானை அழுத்தினேன்.

பச்சை!

அம்மாவை அழைத்துவரத் திரும்பினால், அரங்க வாசலில் அவளே நிற்கிறாள், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பட்டுச்சேலையில்.

"எப்படிம்மா உள்ள வுட்டான்?"

"எம் பொண்ணு உள்ள கீறா, வழி வுடுடான்னேன். வுட்டான்."

"உங்கம்மாவுக்குச் சிப்பே தேவையில்ல மச்சி" என்றாள் ஷமீமா.

ஆனால் அம்மா உள்ளே வரவில்லை. சேலைத் தலைப்பை உதறி உதறி மோந்துகொண்டு வாசலிலேயே தயங்கினாள். நான் பெட்டியை எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்தேன். அது சூடாகி, உள்ளிருந்த குட்டி விசிறி சுற்ற ஆரம்பித்ததும் குப்பென்று அடித்தது நெத்திலி வாசனை. அம்மா திகைத்தாள். பிறகு அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"இது என்னியவிட நாறுதேடி!"

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. நடு அரங்கில் உட்கார்ந்து, "ஓரம் போடா பேமானி! ஐஸ் உருகுது!" என்று லாரிகளைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். பேராசிரியர்கள் வரிசையில் நின்றார்கள், அடுத்த ஆட்டம் தங்களுக்கு வேண்டுமென்று.

அந்த மொட்டைமாடி இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது வீடு போய்விட்டது. இப்போது எங்களுக்கு விம்கோ நகர் பக்கம் அடுக்குமாடியில் வீடு. அங்கே மாடியில் கருவாடு காயப்போடக் கூடாது. நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அம்மா கூடையையும் இறக்கி வைத்துவிட்டாள், என் பிடிவாதத்தால்.

நேற்று பெட்டியை ஓடவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது, விசிறியும் சுற்றியது. துளையிலிருந்து வந்தது வெறும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை.

"இன்னா, போயிடுச்சா?" என்றாள் அம்மா.

"போயிடுச்சும்மா."

அவள் பெட்டியை வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு, என்ன தோன்றியதோ, தன் உள்ளங்கையையும் ஒருமுறை.