பூனை படுத்த இடத்தில் படர்தாமரை

போன மழைக்காலத்தில் எனக்கு வயிற்றில் படர்தாமரை வந்தது. கையில் வந்திருந்தால் யாரிடமாவது காட்டியிருப்பேன். வந்ததோ கொசுவம் சொருகுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. கடைக்காரர் முகம் பார்த்து உப்பு கேட்கவே இந்த வயசிலும் தயங்குகிற ஆள் நான். வயிற்றை எங்கே போய்க் காட்டுவது?

தாராவியில் மழை பிடித்துவிட்டால் துணி காயாது. ஈரத்தோடு உடுத்துவதால் அரிக்கிறது என்று நினைத்தேன். கை அரிக்கிறது என்று மருமகளிடம் பொய் சொல்லி மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கிவரச் செய்தேன். பூசினால் சிவப்பு அடங்கும். விட்டால் முன்னைவிடப் பெரிதாக வரும். வளையல் அளவில் இருந்தது டீ சாஸர் அளவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பெரிய கவலை அரிப்பு இல்லை, பூனை. சாம்பல் நிறக் குட்டி, யாருடையதும் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு பின்ஜன்னல் வழியாக வந்து என் மடியில் படுக்கும். மத்தியானத்தில் எனக்கு வேறு துணை கிடையாது. ஒருநாள் அது பக்கத்து வீட்டில் பொரித்த மீனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அந்த வீட்டுக்காரி சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“அந்தத் திருட்டு மூதி இன்னொரு தடவ என் கண்ணுல படட்டும். சாக்குல கட்டி தூரமா மான்குர்துல கொண்டு தள்ளிட்டு வரச் சொல்லுதேன்.”

நான் கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் அந்த மூதியோடு, மூச்சு காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் சொறிவதை மருமகள் ஒருநாள் பார்த்துவிட்டாள். அவளுக்கு லீவு கிடைக்காது. மாட்டுங்காவில் இருக்கிற தோல் டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போகச் சொல்லி அந்தப் பக்கத்து வீட்டுக்காரியையே ஏற்பாடு செய்தாள்.

டாக்டரம்மா மராட்டிக்காரப் பெண், ஹிந்தியில் பேசினாள். ஹிந்தி எனக்குக் காது வழியாகப் போகும், வாய் வழியாக வராது. அதனால் எனக்கு ஹிந்தியே தெரியாது என்று சந்தில் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. திருத்தப் போனால் பேச வேண்டுமே.

திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைக் காட்டினேன். டாக்டரம்மா சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டுக்காரி தமிழில் சொன்னாள்.

“பயப்படாதீயக்கா. மழைக்கு முளைக்குதுல்லா காளான், அந்தச் சாதியாம் இது. உள்ள இருக்க சதையத் தொடாதாம். மேல செத்த தோலு, முடி, நகம் இதத்தான் திங்குமாம். நடுவுல நம்ம ஒடம்பு வெரட்ட வெரட்ட அது ஓரமாப் பாத்து நவுருமாம். அதான் வட்டம். அந்த டியூப்ப வெளிய எறியணுமாம். சிவப்ப அமுக்கிட்டு காளானுக்குப் பாய் விரிச்சுக் குடுக்குமாம்.”

பாய் விரிக்கிற கதை டாக்டரம்மா சொன்னது இல்லை, இவள் சேர்த்தது. எனக்குக் காளான் மேல் கோபம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஊர் கழித்துப்போட்டதைப் பொறுக்கிப் பிரித்துப் பிழைக்கிறவர்கள்தான் பாதிப்பேர். இதுவும் என்னிடமிருந்து உதிர்வதைத்தானே தின்கிறது.

பிறகு டாக்டரம்மா கேட்டாள். “கர் மே பில்லி ஹை க்யா?”

வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து, “ஈரத்துணி உடுத்துதீயளான்னு கேக்காவ” என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் டாக்டரம்மாவிடம் திரும்பி, “பில்லி நஹி” என்றாள்.

நான் பூனையை மறைக்க வேண்டும், சரி. இவள் எதற்கு மறைக்கிறாள்? யோசித்துக்கொண்டே பார்த்தபோது அவள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டாள். சங்கிலியை ஒதுக்கச் சொன்னாள். அடியில் சிவப்பாக ஒரு வட்டம்.

“சங்கிலி உரசுனது” என்றாள் தமிழில், யாரும் கேட்காமலே.

பூனை இல்லை என்றதை டாக்டரம்மா நம்பவில்லை. இரண்டு பேருக்கும் மருந்து எழுதினாள். பூனைக்கு வைத்தியம் பார்க்காவிட்டால், பாயில் உதிர்கிற அதன் முடியிலிருந்தே திரும்ப வரும் என்று ஹிந்தியில் சொன்னாள். அதை மட்டும் எனக்குத் தமிழில் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் மடியோடு நின்ற பூனை அவளிடம் கழுத்துவரை ஏறியிருக்கிறது.

மறுநாள் பூனையின் காதோரம் முடி உதிர்ந்து வட்டமாக இருந்ததைக் கண்டேன். அதை வயர்க்கூடையில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலில் நின்றாள்.

“கூடையில என்னக்கா?”

“காய் வாங்கப் போறேன்.”

கூடை கத்தியது. அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நானும் காய் வாங்கத்தான் கெளம்புனேன்” என்று செருப்பை மாட்டினாள்.

செம்பூருக்குப் பஸ் பிடித்து மிருக டாக்டரிடம் போனோம். சீட்டு எழுதுகிற பெண், “பில்லி கிஸ்கி ஹை?” என்று கேட்டாள். யார் பூனை என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சுவரைப் பார்த்தாள். யாருடையதும் இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துபோனேன்.

“மேரி” என்றேன். என்னுடையது.

அவள் மெதுவாகத் திரும்பினாள். “ஹிந்தி தெரியுமாக்கா ஒங்களுக்கு?”

“கொஞ்சம்.”

“எப்பயிருந்து?”

“ரொம்ப நாளா.”

அவள் மனசுக்குள் மாட்டுங்கா வரைக்கும் போய்த் திரும்பியது முகத்தில் தெரிந்தது. பிறகு சீட்டு எழுதுகிற பெண்ணிடம், “ஹம் தோனோ கி” என்றாள். எங்க ரெண்டு பேரோடதும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் கூடையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். சயான் வந்ததும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஒங்கள்ட்ட கழுத்துல ஏறாதாக்கா?”

“இல்ல. மடியோட சரி.”

அதற்குப் பிறகு அவள் முகம் தெளிந்துவிட்டது.