ரோல்பேக் அடித்த மத்தியானம்

எண்பதுகளின் கடைசி. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. கிடங்குக்கு மேலே மாடியில் ஏசி அறை கட்டி, கம்பெனியின் முதல் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். மெட்ராஸில் மூன்று மாதம் டேட்டாபேஸ் படித்துவிட்டு வந்த எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒவ்வொரு சுக்கு மூட்டைக்கும் ஒரு சீட்டு உண்டு. மூட்டை எண், பொறுக்கியவர் யார், ஈரம் பார்த்ததில் தேறியதா என்பதெல்லாம் அதில் இருக்கும். கிடங்கைப் பார்த்துக்கொண்ட அக்காவை எல்லோரும் சேச்சி என்போம். அவர் வாசிப்பார், நான் தட்டுவேன். எங்களைப் போலவே எப்போதோ கொச்சிக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. தட்டி முடித்த சீட்டை உடனே குறுக்கே கிழித்துக் கூடையில் போட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ஒரே மூட்டை இரண்டு தடவை ஏறிவிடக் கூடாதே!

"கிழிச்சா பின்ன கிட்டாதல்லோ சாரே?" என்று முதல் நாளே கேட்டார்.

"மெஷினுக்குள்ள போனது எங்கயும் போகாது சேச்சி. தைரியமா கிழிங்க" என்றேன்.

உண்மையில், தட்டியதெல்லாம் உடனே நிலைத்துவிடாது. கமிட் என்று கட்டளை கொடுத்தால்தான் பதியும். அதற்கு முன் ரோல்பேக் என்று அடித்தால், கடைசி கமிட்டுக்குப் பிறகு செய்தது அத்தனையும் ரத்து. ஏறினால் மொத்தமும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே ஏறக் கூடாது என்று படித்திருந்ததால், ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் சரக்கு, முழுவதும் முடிந்த பிறகே கமிட் கொடுப்பேன்.

அன்று பெரிய லாட். மறுநாள் காலை கப்பலுக்குப் போக வேண்டும். காலையிலிருந்து இருநூறு மூட்டைக்கு மேல் ஏற்றிவிட்டோம். மத்தியானம், மூன்று மூட்டைகள் நனைந்துவிட்டதாகக் கீழேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். அந்த மூன்றையும் 'கழிவு' என்று மாற்றப் போனவன், எந்த மூட்டைகள் என்று குறிப்பிடும் வரியை விட்டுவிட்டு என்டரைத் தட்டினேன். பழைய லாட்கள் உட்பட கிடங்கில் இருந்த மொத்தச் சுக்கும் கழிவாகிவிட்டது!

நான் அசரவில்லை. ரோல்பேக் அடித்தேன். எல்லாம் பழையபடி ஆனது. "பாத்தீங்களா சேச்சி? ஒரே வார்த்தை. செஞ்ச தப்பு செய்யாத மாதிரி ஆயிடுச்சு" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

அவர் திரையையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ காலைலேருந்து நான் வாசிச்சதோ?"

சாய்ந்தவன் நிமிர்ந்து பட்டியலைப் பார்த்தேன். காலையிலிருந்து ஏற்றியதும் சேர்ந்து போயிருந்தது. எந்த மூட்டை தேறியது என்பதற்குக் கிழிந்த சீட்டுகளைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. இனி எல்லா மூட்டையையும் பிரித்து மறுபடி ஈரம் பார்த்தால் கப்பல் போயே போய்விடும்.

செய்தி கேட்டு மேனேஜர் வந்தார். கூடையைப் பார்த்துவிட்டு, "ஆரா இது கிழிச்சது?" என்று கத்தினார்.

"ஞான்தான் சாரே" என்றார் சேச்சி.

கிழிக்கச் சொன்னது நான் என்பதை அவர் சொல்லவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேனேஜர் படியிறங்கினார். சேச்சி வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கீபோர்டைப் பார்த்தபடி கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெட்கக்கேடு!

சேச்சி அழவில்லை. கூடையைத் தரையில் கவிழ்த்து, பாதியோடு பாதியைப் பொருத்த ஆரம்பித்தார். நாலைந்து சீட்டுகள் சேர்ந்த பிறகுதான் எனக்கு எழுந்திருக்கத் தோன்றியது. கீழே ஓடிப்போய் நடந்ததை நடந்தபடி மேனேஜரிடம் சொன்னேன். செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில், "அவளிடம் ஞான் சொன்னதை விட்டுரு, நாளைக்கு வரட்டும்" என்றார்.

மூச்சிரைக்க மேலே வந்து அதைச் சொன்னேன். சேச்சி தலையாட்டினார். சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆனா சார் இங்கேதானே இருந்தீங்கல்லோ, அவர் ஏசும்போ" என்றார். அதில் கோபம்கூட இல்லை.

நானும் தரையில் உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாச் சீட்டும் பொருந்தின. சேச்சி மறுபடி வாசிக்க, நான் தட்டினேன். லாட்டும் கப்பலேறியது. அதன்பின் சில வருஷம் ஒன்றாகவே வேலை பார்த்தோம். அவர் அதைப் பற்றி மறுபடி பேசியதே இல்லை.

மேனேஜர் தான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நான் எதைத் திரும்பப் பெறுவது? ஒன்றுமே சொல்லாமல் அல்லவா உட்கார்ந்திருந்தேன்! இன்றும் என் எதிரில் யாராவது இன்னொருவர் தப்புக்குத் திட்டு வாங்கினால், முந்திரிக்கொட்டை என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்று உடனே வாயைத் திறந்துவிடுகிறேன்.