மூன்று சக்கரத்தில் சிதம்பரம்

எங்கள் வீட்டு சைக்கிளை முதன்முதலில் பார்க்கிறவர்கள் யாரும் அதை சைக்கிள் என்று ஒப்புக்கொள்வதில்லை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சாய்வு நாற்காலி மாதிரி இருக்கை. அதில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை நேராக நீட்டி, முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் பெடலை மிதிக்க வேண்டும். பாண்டிச்சேரிப் பக்கம் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் சொந்த ஊருக்கே திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. என் மனைவி அதைப் போய்ப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள், இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அவளுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். கல்லூரி நாளிலிருந்து கடலூர் முழுக்க சைக்கிளில் சுற்றியவள் அவள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு உள்காதில் ஏதோ கோளாறாகி, நிதானம் போய்விட்டது. தலை சுற்றல் நின்ற பிறகும் தெருவில் நேராக நடக்க முடியாது, சுவரோரமாகத்தான் போவாள். இரண்டு சக்கர வண்டியை இனிமேல் மறந்துவிடச் சொன்னார் டாக்டர். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான். எனக்கு அது சிரமமே இல்லை. அவளுக்குத்தான் உயிர் போனது.

மூன்று சக்கரம் சாயாது. முதல் வாரமே அவள் முதுநகர் தெருக்களில் வளைந்து வளைந்து ஓட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே. பிள்ளைகள் ஓடிவந்து, "ஆண்டி படுத்துக்கிட்டே ஓட்டுறாங்க" என்று கூவினார்கள். அவள் காலை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள். எனக்கு அவளைப் புதிதாகக் கல்யாணம் செய்துகொண்டது போல இருந்தது.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் நல்ல மனசு இருக்கிறதே, அதை என்ன செய்வது? ரோட்டில் யாராவது பெட்ரோல் தீர்ந்து வண்டியை உருட்டிக்கொண்டு போனால், முன்பின் தெரியாத ஒருவர் பைக்கில் வந்து, அந்த வண்டியில் ஒரு காலை முட்டுக்கொடுத்து பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். நன்றி சொல்வதற்குள் போயும்விடுவார். மூன்று சக்கர வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிற வண்டி என்று நினைத்து, பார்த்த மாத்திரத்தில் கால் நீண்டுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் முன்னால், நான் ஸ்கூட்டரில் பின்னால். பைக்கில் வந்த ஒருவர் அவளுடைய இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் காலை வைத்து அழுத்தினார். வண்டி பறந்தது.

"வேணாங்க, விடுங்க. நானே போவேன்" என்றாள் அவள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எங்க சார் விடணும்?"

"அவுங்க வேணாம்னு சொல்றாங்க பாருங்க" என்றேன்.

"இருக்கட்டும் சார். நான் அந்தப் பக்கந்தான் போறேன்."

கடற்கரை வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, என்னிடம் தலையை ஆட்டி விடைபெற்றுப் போனார். அவள் அன்றைக்குக் கடலைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருவராவது அப்படி வந்தார்கள். கடைசியில் ஒரு தகரத்தில், 'தள்ள வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன்' என்று அழகான எழுத்தில் எழுதி வண்டிக்குப் பின்னால் கட்டினாள். அதைப் படிக்கப் பக்கத்தில் வந்தவர்கள், வந்தது வந்தோம் என்று தள்ளிவிட்டுப் போனார்கள். தகரத்தைக் கழற்றிய அன்று, வண்டிக்கும் உறை போட்டு மூடிவிட்டாள். மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அந்தக் கை என்னமோ கனமாக இருந்தது.

ஒரு மாதம் போல அப்படியே இருந்தவள், திடீரென்று ஒரு நாள் உறையை எடுத்து உதறினாள். "சிதம்பரத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன். என் காலாலயே போய்ச் சேரணும். முடியலன்னா இதை வித்துடலாம்" என்றாள். அவள் தம்பி, என் மச்சான், அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே பதறினான். "ரொம்ப தூரம் மாமா. வண்டிங்க வேற ஜாஸ்தி. திரும்பி வர்றதுக்காவது நான் குட்டி யானை சொல்லி வைக்கிறேன்" என்றான். குட்டி யானை என்றால் சின்ன லோடு வண்டி. அவள் அதற்குள் டயருக்குக் காற்றடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

விடிகாலையில் கிளம்பினோம். ஆலப்பாக்கம் வரைக்கும் அவள் ஓட்டியதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். ஏற்றத்தில் கியரைக் குறைத்து நிதானமாக மிதிப்பாள், இறக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுவாள். ஐம்பதைத் தாண்டிய கால்களா அவை என்று ஆச்சரியமாக இருந்தது. வழியில் மூன்று பேர் தள்ள வந்தார்கள். மூன்று பேரையும் நான்தான் குறுக்கே போய்த் துரத்தினேன். அதில் ஒருவர், "பொண்டாட்டிய இப்படி வெயில்ல விட்டுட்டு நீங்க ஸ்கூட்டர்ல வர்றீங்களே சார்" என்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார்.

புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நின்றோம். டம்ளரை வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"நீங்க முன்னால போயிடுங்க."

"எவ்வளவு தூரம் முன்னால?"

"சிதம்பரம் வரைக்கும்."

லாரி வரும் என்றேன், வெள்ளாற்றுப் பாலத்தில் ஏற்றம் என்றேன், நடுவில் தலை சுற்றினால் என்ன செய்வாய் என்றும் கேட்டேன்.

"ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். உக்காந்துதானே ஓட்டுறேன்" என்றாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனேன். கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே வந்து மறைந்தபோது ஸ்கூட்டரைத் திருப்பிவிடலாமா என்று இருந்தது. திருப்பவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் நானும் மச்சானும் நின்றோம், உட்கார்ந்தோம், மறுபடியும் நின்றோம். போன் அடித்துப் பார்த்தோம், அவள் எடுக்கவில்லை. குட்டி யானைக்காரர் வந்து வண்டியை மர நிழலில் போட்டுவிட்டுத் தூங்கியே போனார். வெயில் ஏறியது. "நான் போய்ப் பாத்துட்டு வர்றேன் மாமா" என்று மச்சான் ஹெல்மெட்டை எடுத்தான்.

அப்போது தெருமுனையில் ஒரே சத்தம். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சைக்கிளில் வந்தார்கள். நடுவில், அவர்கள் முழங்கால் உயரத்தில், அவள். யாரும் தள்ளவில்லை. அவளோடு போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள், இரண்டு பேர் பின்தங்கி மூச்சு வாங்கினார்கள். வாசலில் அவள் பிரேக் போட்டதும் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அவள் முகமெல்லாம் வேர்வை, செக்கச் செவேலென்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சொல்லி சமாளித்தேன்.

மச்சான் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டான். "மாமா இல்லாம எப்படிக்கா? வழியில யாரும் வந்து தள்ளலையா?"

"வந்தாங்க. பாலத்துக்கிட்ட ஒருத்தரு, முட்லூர்ல ஒருத்தரு. வேணாங்கன்னேன். சரிம்மான்னு போயிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றவள், தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, வழியில் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "தனியா வந்தா, நான் சொல்றத கேக்குறாங்க."

குட்டி யானைக்காரரை எழுப்பி, காபி கொடுத்து அனுப்பிவைத்தோம். மறுநாள் விடிந்ததும் அவள் கடலூருக்குத் தனியாகக் கிளம்பினாள். வெயில் ஏறும்வரை நான் மச்சான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் கொடுத்த இட்லி எனக்கு இறங்கவே இல்லை.