தம்பி அருளப்புவாக இருந்த நாள்

1991 ஜனவரி 19, சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளுக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. அப்பா விடியுமுன் எழுந்து பஸ் பிடித்து, தான் கோப்பை கழுவும் ரெஸ்ரோறன்ருக்குப் போய்விடுவார். நான் பாணுக்கு மாஜரின் பூசித் தின்றுவிட்டு, இரவு முழுக்கக் கண்ணாடி வேர்த்து ஜன்னல் விளிம்பில் தேங்கிய தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றி எடுப்பேன். அம்மா ஒரு கிழமை உடுப்புகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த தோய்க்கும் மெஷின்களுக்கு இறங்குவார். அன்றும் அப்படித்தான் தொடங்கியது.

ஒன்ராறியோவின் வோபர்னில், ஒன்பதாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு. எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்து மூன்று கிழமை கடந்திருந்தது. அம்மா பச்சை உடம்போடு கூடை தூக்கக் கூடாதுதான். ஆனால் அதைச் சொல்லித் தடுக்கவேண்டிய பெண்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அதுவரை சாமிக்கு விளக்குக் கொளுத்துவதில்லை. வருகிறவர்கள் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள், பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். அந்த வருடம் எங்களுக்குப் பொங்கலும் இல்லை. முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து தண்ணீர் தெளித்து, பிள்ளையின் காதில் பெயரைச் சொன்ன பிறகுதான் எல்லாம் சரியாகும். அது அடுத்த சனிக்கிழமைக்கு ஒழுங்காகியிருந்தது. அதுவரை அவனுக்குத் 'தம்பி' என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

இந்தத் துடக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரே ஆள் பக்கத்து வீட்டு மெக்சிக்கோ அன்ரி. அவர் இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவர், பகலில் வீட்டில் இருப்பார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் தினமும் வந்து, எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் அரைகுறை ஆங்கிலம். நடுவில் நான் நின்று மொழிபெயர்ப்பேன்.

அன்று காலை அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துப் படுக்கவைத்தார். "பார்த்துக்கொள். தூக்கிப்போடாதை," என்று எனக்குச் சொல்லிவிட்டுக் கீழே போனார். சற்று நேரத்தில் மெக்சிக்கோ அன்ரி வந்து கதிரையில் அமர்ந்து, என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லி முடிக்கவில்லை. அவர் எழுந்து கட்டிலுக்கு ஓடினார்.

தம்பி அழவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. குடித்த பால் வாயோரத்தில் வழிந்திருந்தது. உதடு நாவற்பழம் தின்றவன் உதடுபோல இருந்தது. அன்ரி அவனைத் தன் முழங்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். தட்டியபடியே என்னைப் பார்த்து, போன் எடு என்று கத்தினார். பள்ளிக்கூடத்தில் பழக்கிவைத்தபடி 911ஐ அழுத்தி, வீட்டு இலக்கத்தைப் பிழையில்லாமல் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அன்ரி குசினியில் நின்றார். இடக்கையில் தம்பி. வலக்கையில் எங்கள் சில்வர் செம்பு. குழாயைத் திறந்து செம்பை நிரப்பினார். ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீர், பல்லில் பட்டால் கூசும். அதை அவன் தலையில் ஊற்றினார். ஏதோ சொன்னார். மறுபடி ஊற்றினார். மறுபடியும் ஊற்றினார். பிறகு பெருவிரலால் அவன் நெற்றியில் ஒரு கீறல் கீறி, அதன் குறுக்கே இன்னொன்று கீறினார்.

நான் அலறிவிட்டேன். மூச்சில்லாமல் கிடக்கிற பிள்ளையை யாராவது முழுக வார்ப்பார்களா? அன்ரிக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தக் கணத்தில் தம்பி விக்கினான். பால் கட்டி ஒன்று வெளியே வந்தது. பிறகு அழுதான். அப்படி ஓர் அழுகையை அவன் அதற்கு முன்னும் பின்னும் அழுததில்லை.

தீயணைப்புக்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். அம்மா தோய்த்த உடுப்புக் கூடையோடு லிஃப்ற்றிலிருந்து இறங்கியபோது, எங்கள் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே கம்பளத்தின்மேல் நான்கு பெரிய கறுப்புச் சப்பாத்துகள் நின்றன. அம்மா கூடையைக் கீழே வைக்கவில்லை. அது விழுந்தது.

ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்த டொக்டர், பால் புரைக்கேறியிருக்கிறது, முதுகில் தட்டியதுதான் காப்பாற்றியது என்றார். பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை உடுப்போடு ஓடிவந்த அப்பா, வீட்டுக்கு வந்ததும் தம்பியை வாங்கி வைத்துக்கொண்டு, குசினியில் கிடந்த அவன் தொப்பியை எடுத்தார்.

"தொப்பியெல்லாம் ஈரமாக் கிடக்கு. ஏன்?"

நான் நடந்ததைச் சொன்னேன். மூன்று தரம் ஊற்றியதைக் கையால் ஊற்றிக் காட்டினேன். பெருவிரல் விஷயத்தை என் நெற்றியிலேயே போட்டுக் காட்டினேன். அப்பாவின் முகம் மாறியது. தம்பியை அம்மாவிடம் மெல்லக் கொடுத்தார், ஏதோ உடைகிற சாமானைக் கொடுப்பதுபோல.

"வேதத்துக்கு எடுத்துப்போட்டா," என்றார். "எங்கட பிள்ளையை உவ வேதத்துக்கு எடுத்துப்போட்டா."

ஏழாவது மாடியில் பாசையூர் அங்கிள் இருந்தார். பரம்பரை வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர். அப்பா என்னை அனுப்பி அவரைக் கூப்பிட்டார். அவர் வீட்டுச் செருப்போடு வந்து, துடக்கு வீடென்று தெரிந்ததால் எதிலும் முட்டாமல் கதவோரக் கதிரையில் நுனியில் இருந்தார். என்னைத்தான் விசாரித்தார்.

"மூண்டு தரம் ஊத்தினவவோ பிள்ளை?"

"ஓம் அங்கிள்."

"ஊத்தேக்கை வாயாலை சொன்னவவோ?"

"ஸ்பானிஷிலை ஏதோ சொன்னவ."

"அப்ப செல்லும் அண்ணை. உது ஞானஸ்நானந்தான்."

"சாமியார் இல்லாமலோ?"

"சாகக்கிடக்கிற பிள்ளைக்கு ஆரும் குடுக்கலாம். நீங்களும் குடுக்கலாம்."

"நானோ!" அப்பா நெஞ்சில் கை வைத்தார். பிறகு, "உதைக் கழட்டேலாதோ?" என்று கேட்டார்.

"கழட்டுறதுக்கு உதென்ன சட்டையோ?"

"கழுவினா?"

"கழுவித்தானே அண்ணை வந்தது."

அங்கிள் சிரித்துப் பார்த்தார். யாரும் சேரவில்லை. அம்மா தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"பேரேதும் சொன்னவவோ?" என்று அங்கிள் மறுபடி என்னிடம் கேட்டார். ஸ்பானிஷில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் அதுதான். ஹுவான் என்றேன்.

"ஹுவான் எண்டா எங்கட வேதத்திலை அருளப்பு. ரெண்டும் ஒரே பேர்தான்."

அப்பா அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார். "அருளப்புவோ? அடுத்த சனி ஐயர் வந்து பிள்ளையின்ர காதுக்கை பேர் சொல்லக் குனியேக்கை, பொறுங்கோ ஐயா, இவன் ஏற்கெனவே அருளப்பு எண்டு நான் சொல்லுறதோ?"

"என்ர தேப்பன்ர பேரும் அருளப்புத்தான் அண்ணை," என்றார் அங்கிள். "குறையான பேரில்லை."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. வேலைக்குப் போகிற வழியில் மெக்சிக்கோ அன்ரி கோழிச் சூப்போடு வந்திருந்தார். உள்ளே வந்தவர், அப்பா தலையில் கை வைத்திருந்ததையும், அம்மா சுவரைப் பார்த்திருந்ததையும், கதவோரத்தில் ஒரு புது ஆள் சாவீட்டுக்கு வந்தவர்போல இருந்ததையும் கண்டார். போய்விட்டானா என்று என்னைக் கேட்டார். இல்லை, நித்திரை என்றேன். அவர் சூப்புச் சட்டியை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை உயிரோடு இருக்கும்போது இந்த வீடு ஏன் இப்படி இருக்கிறது என்பது அவருக்கு விளங்கவேயில்லை.

"கேள்," என்றார் அப்பா. "ஏன் ஊத்தினவ எண்டு கேள்."

நான் கேட்டேன். அவர் சொன்னதை ஒவ்வொரு வசனமாக, வகுப்பில் ஒப்புவிப்பதுபோலத் தமிழில் சொன்னேன்.

அவருக்கும் ஒரு மகன் பிறந்தானாம். மெக்சிக்கோவில் ஒரு மலைக் கிராமம். மழையில் பாதை அறுந்து சாமியார் வரமுடியவில்லை. வீட்டில் இருந்த ஒருவருக்கும் ஒரு கை தண்ணீர் ஊற்றத் தோன்றவில்லை. பிள்ளை தலை நனையாமலே போய்விட்டான். பிறகு வந்த சாமியார், தண்ணீர் படாத பிள்ளை கடவுளின் முகத்தைக் காணாது என்று சொல்லி, கோயில் மயானத்துக்கு வெளியே புதைக்கவைத்தாராம். ஆனால் அன்ரியின் தாய், ஸ்பெயின்காரர் வருமுன் பேசிய பழைய மொழியில் வேறொரு கதை சொன்னாராம். சோளம் தின்னத் தொடங்குமுன் சாகிற குழந்தைகளுக்கென்று மேலே ஒரு மரம் இருக்கிறது. அதன் கொப்புகளில் பால் சொட்டும். குழந்தைகள் அதன்கீழ் வாயைத் திறந்துகொண்டு கிடப்பார்கள். பிறகு ஒருநாள் திரும்பவும் பிறக்க அனுப்பப்படுவார்கள்.

"உவை அஸ்ரெக் ஆக்கள்," என்று அங்கிள் அப்பாவுக்கு விளக்கினார். "எங்களைப் போத்துக்கீசன் எடுத்தமாதிரி உவையை ஸ்பெயின்காரன் வேதத்துக்கு எடுத்தவன்."

தண்ணீர் ஊற்றுவது சாமியார்கள் கொண்டுவந்ததல்ல என்றும் அன்ரி சொன்னார். அவர்களுக்கு முன்னமே அங்கே மருத்துவிச்சிகள் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி மந்திரம் சொன்னார்களாம்.

அப்பாவுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். "அப்ப உவ ஊத்தினது ஆரின்ர தண்ணி?"

"ஒன்ராறியோ ஏரித் தண்ணி அண்ணை," என்றார் அங்கிள்.

அன்ரி நிறுத்தவில்லை. மரம் நல்ல மரந்தான் என்றார். ஆனால் மரம் பிள்ளையை எந்த வீட்டுக்கு அனுப்பும் என்று யாருக்குத் தெரியும்? அவன் வீதியில் எதிரே வந்தாலும் தனக்கு அடையாளம் தெரியாது. மோட்சத்துக்குப் போன பிள்ளை அங்கேயே இருப்பான், தானும் செத்தபிறகு போய்ப் பார்க்கலாம். தன் மகனுக்குக் காலம் கடந்துவிட்டது, இவனுக்குக் கடக்கவில்லை. ஹுவான், தன் மகனுக்கென்று வைத்திருந்த பெயர். இத்தனை வருடமும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம்.

அதுவரை வாய் திறக்காத அம்மா என் பக்கம் திரும்பினார்.

"கேள் பிள்ளை. அந்த மரத்திலயிருந்து திரும்பி வாற பிள்ளை, அதே தாயின்ர வயித்திலயே வருமோ எண்டு கேள்."

"என்ன கதை கதைக்கிறீர்!" என்று அப்பா எழுந்தார். அம்மாவை நோக்கி அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பாசையூர் அங்கிள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

நான் கேட்டேன். அன்ரி முதல் தடவையாக என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, எத்தனை என்று கேட்டார்.

"எத்தினை எண்டு கேக்கிறா."

அம்மா ஒரு விரலைக் காட்டினார்.

நான் பதறிப்போனேன். இந்த வீட்டில் நானும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள். அதிர்ச்சியில் அம்மா என்னை மறந்துவிட்டார் என்று எண்ணி, ஒன்றல்ல, இரண்டு என்று அன்ரிக்குத் திருத்திச் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டினார். அம்மாவிடம், தெரியாது என்றார். தன் தாய் அதைச் சொல்லவில்லை, கேட்கத் தனக்கும் அப்போது தோன்றவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்து கதவுவரை போனார். பிறகு திரும்பி வந்து, அம்மாவின் தலையில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்துவிட்டுப் போனார்.

எனக்கு முன்னம் ஓர் ஆண்பிள்ளை பிறந்து, முப்பத்தொன்றும் கழிந்து, பெயரும் வைத்து, இரண்டாவது மாதத்தில் காய்ச்சலில் போனான் என்பதை நான் பல்கலைக்கழகம் போகிற வயதில்தான் அப்பா சொன்னார். பல் முளைக்காத பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு இல்லை, திவசம் இல்லை. அவன் பெயரை வருடத்தில் ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்ல வீட்டில் ஒரு வழியும் வைக்கப்பட்டிருக்கவில்லை. நான் பிறந்தபோதும் அம்மா அந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டாரா, நான் பெண்ணாய்ப் போனதில் அதற்குப் பதில் கிடைத்துவிட்டதா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக அம்மா முதலில் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பார். அன்று அதை வைக்கவில்லை. லைற்றும் போடாமல், முதற் காரியமாகத் தம்பியைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்து, ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் அதுவரை கேட்டிராத பெயர். குளியலறையில் முகம் வழித்துக்கொண்டிருந்த அப்பா, கன்னமெல்லாம் நுரையோடு வந்து வாசலில் நின்றார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்பா பாதி வழித்த முகத்தைத் துவாயால் துடைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் இருந்தார்.

எனக்கு மட்டும் சொல்லாமல் இரவோடிரவாகப் பெயரைத் தெரிவுசெய்துவிட்டார்கள் என்று கோபம் வந்தது.

"நல்ல பேர்," என்றேன். "ஆர் தெரிஞ்செடுத்தது?"

அருளப்புவைவிடப் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பழந்துணியை எடுத்து ஜன்னல் விளிம்பைத் துடைக்கத் தொடங்கினேன்.