காலால் மிதித்துப் பால் கறக்கும் கருவி

கடைசி வருஷ இன்டர்ன்ஷிப்புக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். கிராமத்து மக்களுக்கு உதவும் கருவிகளைச் செய்யும் இடம். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஓர் அக்காவுக்குப் பால் கறக்க ஏதாவது செய்யச் சொன்னார்கள். ஊசுட்டேரிப் பக்கம் வீடு. அவர் கணவர் டவுனில் செக்யூரிட்டி. விடியுமுன் கிளம்ப வேண்டிய வேலை. லீவு போட்டுவிட்டு அவரே கறந்துகொண்டிருந்தார். அக்காவின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால்தான் மாடு நிற்கும். தெருவே சிரிக்கும், நானும் சிரித்தேன். லீவு முடிந்தால் மாட்டை விற்பதைத் தவிர வழியில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே அக்கா எழுந்துபோய் மாட்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

காலால் மிதித்தால் காற்றை இழுத்து, காம்பில் மாட்டிய குழாய் வழியே பாலை எடுக்கும் கருவி ஒன்று செய்தேன். பட்டறையில் ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பிச் சோதித்தபோது கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா கருவியோடு உட்கார்ந்ததும் மாடு ஒரே உதையில் என் பெருமையைச் சாணியில் தள்ளியது. சத்தம் பிடிக்கவில்லை போலும் என்று சத்தத்தைக் குறைத்துக் கொண்டுபோனேன். அப்போதும் உதை.

"கன்னுக்குட்டிலேர்ந்து நான் வளத்தது, என்னையே ஒதைக்குதே பாப்பா!" என்று அக்கா அழுதார். பாழாய்ப்போன மாடு! எனக்கும் அழுகை வந்தது.

அவர் கணவர் தன்னைக் குனிந்து பார்த்தார். நைட்டியில் இருந்த அக்காவையும் பார்த்தார்.

"அடச்சே! உன் பொடவை என் மேல இல்ல இருக்குது!"

ஒரு கையால் கட்ட முடியாததால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அக்கா நைட்டியில்தான் இருந்தார். கணவர் தன் மேலிருந்த புடவையை அவிழ்த்து, மண்டியிட்டு, மனைவிக்குக் கொசுவம் வைத்தார்.

"கேட்டிருந்தா கட்டிவுட்டிருப்பேனே."

"எப்பிடிய்யா கேக்கறது? வெக்கமா இருந்துச்சு."

மாடு அசையாமல் நின்றது. அக்கா மிதிக்க மிதிக்கப் பால் இறங்கியது. மூவரும் அசடுபோல் சிரித்தோம்.

அண்மையில் போனேன். மாடு நிறைசினை, பால் வற்றிவிட்டது. கறக்க ஒன்றுமில்லை, கருவி மூலையில் கிடந்தது. அக்கா புடவையில் இருந்தார். "டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி கட்டிவுட்டுட்டுப் போனாரு" என்றார்.